வீட்டு ஸ்டூலின் ஆட்டம்: காரணமும் பரிகாரமும்

வீட்டிலேயே சிக்கனமாக அடிக்கப்படும் மர ஸ்டூலுக்கு உறுப்புகள் நான்கு, குணம் ஒன்று. பலகை, கால், குறுக்குச் சட்டம், ஆணி ஆகியவை உறுப்புகள், ஆட்டம் குணம். குறுக்குச் சட்டம் இல்லாத ஸ்டூல்கள் பரவலாகக் காணக் கிடைக்கின்றன. ஆட்டம் இல்லாதது அரிது.

மூலப்பொருள் பெரும்பாலும் சரக்கு இறங்கிய பின் வீசப்படும் பேக்கிங் மரம். வெளிநாட்டிலிருந்து வந்த மரமாயின் அதில் கோதுமைக் கதிர் பொறித்த முத்திரை இருக்கும். பக்கத்தில் ‘ஹெச்.டி.’ என்றிருந்தால் பூச்சி ஒழிய மரத்தைச் சூடேற்றியிருக்கிறார்கள். அடுப்புச் சூட்டு முறையில் 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் என்பது விதி. ‘எம்.பி.’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்ட மரம். அதை வீட்டுக்குள் சேர்க்காதிருப்பதே நலம்.

மரம் இலவசம் என்பதால் ஸ்டூலின் அடக்கவிலை பூஜ்யம் என்று கொள்வது இத்துறையின் மரபு. அதற்கென வாங்கிய டிரில்லிங் மெஷின் முதலீட்டுக் கணக்கில் சேரும். கடையில் பிளாஸ்டிக் ஸ்டூல் என்ன விலை என்று வீட்டார் கேட்பது ஆய்வுக்குப் புறம்பானது.

ஆட்டத்தின் விதை கால் அறுக்கும்போதே விழுகிறது. முதல் காலை அளந்து அறுத்து, அதை வைத்து இரண்டாவதற்கும், இரண்டாவதை வைத்து மூன்றாவதற்கும் கோடு போடுவது வழக்கம். ஒவ்வொரு முறையும் பென்சில் கோட்டின் தடிமன் கூடிக்கொண்டே போவதால் நான்காவது கால் மற்றவற்றைவிட ஓங்கி நிற்கும். நான்கையும் சேர்த்துக் கட்டி ஒரே கோட்டில் அறுத்தால் இந்தப் பிழை வராது. ஆசாரிகள் அப்படித்தான் செய்கிறார்கள்; ஆனால் அவர்களைக் கேட்காமலிருப்பதுதானே இந்தக் கலையின் ஆதாரக் கொள்கை.

ஆணியும் தன் பங்கைச் செய்கிறது. பலகையின் ஓரத்தில் அடித்தால் மரம் பிளக்கும். ஆணியின் முனையைச் சுத்தியலால் லேசாகத் தட்டி மழுக்கிவிட்டு அடித்தால் பிளப்பது குறையும். மரத்தின் வெட்டுமுகத்தில், ரேகை ஓடும் திசையிலேயே இறங்கும் ஆணிக்குப் பிடிமானம் குறைவு. ஸ்டூலில் பலகை வழியாகக் காலுக்குள் இறங்குவது இந்த ஆணிதான்.

ஆட்டத்தின் காரணம் குறித்து இரு கட்சிகள் உள்ளன. செய்தவர் தரைக்குற்றவாதி, உட்கார்ந்தவர் கால்குற்றவாதி. தரைக்குற்றவாதத்துக்குக் கணிதத்தின் ஆதரவும் உண்டு. 1970இல் கணிதவியலாளர் ரோஜர் ஃபென் மேசைகள் குறித்து ஒரு தேற்றம் வெளியிட்டார். 2005இல் செர்ன் ஆய்வுக்கூடத்து இயற்பியலாளர் ஆந்த்ரே மார்ட்டின், படி போன்ற திடீர் ஏற்ற இறக்கம் இல்லாத, அதிகச் சரிவில்லாத தரையில் சதுர மேசையைத் திருப்பிக்கொண்டே போனால் கால்வட்டச் சுற்றுக்குள் நான்கு கால்களும் பதியும் ஓரிடம் உண்டு என்று காட்டினார். நான்கு கால்களும் சம நீளம் என்பது இதன் நிபந்தனை. தரைக்குற்றவாதிகள் மேற்கோள் காட்டும்போது இந்த வரி விட்டுப்போகிறது.

பரிகாரங்களில் முதலாவது, கால் அறுத்தல். எழும்பி எழும்பி ‘டொக்’கென்று தரையைத் தட்டும் காலே குற்றவாளி என்று பிடித்து ரம்பம் வைக்கிறார்கள். உண்மையில் ஆடும் ஸ்டூல், எதிரெதிர் மூலையிலுள்ள இரண்டு நெட்டைக் கால்களின் மேல் அசைகிறது. தட்டுவது குட்டைக் கால். அதையே மேலும் அறுத்தால் ஆட்டம் வளரும். முறைப்படி செய்வதானால், சமமான கிரானைட் மேடையில் ஸ்டூலை நிறுத்தி, குட்டைக் கால்களுக்கு அட்டை செருகி, ரசமட்டம் பார்த்து, ஒரே உயரமுள்ள கட்டையின் மேல் பென்சிலை வைத்து நான்கு கால்களையும் சுற்றிக் கோடு கிழித்து அறுக்க வேண்டும். இதற்குப் பொறுமையில்லாதவர் கல்யாணப் பத்திரிகையை மடித்துச் செருகுவதோடு நிறுத்திக்கொள்வார். இதற்குத் தடித்த அட்டைப் பத்திரிகையே உகந்தது.

மூன்று காலோடு நிறுத்தியிருந்தால் இவ்வளவும் தேவைப்பட்டிராது; மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும். ஆனால் ஓரத்தில் சாய்ந்து உட்கார்ந்தால் முக்காலி கவிழும்.

பதினெட்டு அங்குலத்தில் பிறந்த ஸ்டூல், அடுத்தடுத்த திருத்தங்களில் தேய்ந்து நான்கு அங்குலத்துக்கு வந்ததும் மணை என்று மறுவகைப்படுத்தப்படுகிறது. மணைகள் இந்த ஆய்வின் வரம்புக்குள் வரா.