எலெக்டிவ் அண்ணன்

பி.எஸ்சி. வேதியியல் மூன்றாம் ஆண்டு. 'விருப்பப் பாடத்தை வெள்ளிக்கிழமைக்குள் எழுதித் தரவும்' என்று துறை வாசலில் அறிவிப்பு ஒட்டுவார்கள். பசை காய்வதற்குள் எலெக்டிவ் அண்ணன் கேன்டீனில் ஆஜராகிவிடுவார்.

எந்தக் கல்லூரியிலும் இப்படி ஒருவர் உண்டு. படிப்பு முடிந்ததா, இல்லையா என்பது தேர்வுத் துறைக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். விரல் நுனியில் சில்வர் நைட்ரேட் கறுப்பு. சட்டையின் வயிற்றுப் பக்கம் அமிலம் தின்ற இரண்டு ஓட்டை. விஞ்ஞானி என்று ஜூனியர்கள் நம்புவதற்கு அது போதும்.

"அண்ணே, பாலிமர் எடுக்கலாமா, பார்மசூட்டிகல் எடுக்கலாமா?"

சட்டென்று பதில் வராது. முதலில் டீ வர வேண்டும். காசு, கேட்டவன் பொறுப்பு.

உனக்கு எதில் ஆர்வம் என்று அண்ணன் கேட்டதாகச் சரித்திரம் இல்லை. யார் கிளாஸ் எடுக்கிறார்? சாப்பாட்டுக்கு அப்புறம் வருகிற பீரியடா? இன்டர்னலுக்குக் கை தாராளமா? பத்து மார்க் கேள்வியில் 'அல்லது' உண்டா? அவருடைய வேதியியல் இந்த நான்கு கேள்விகளில் அடக்கம்.

பிறகு தீர்ப்பு. "பிசிகல் பக்கம் போயிராத தம்பி. ஷ்ரோடிங்கர் சமன்பாடு வந்தது 1926-ல. நம்ம பசங்க இன்னும் முதல் வரியிலயே நிக்கிறாங்க. ஆர்கானிக்கா? கன்னிசாரோ, பெர்கின், ரைமர், டீமன்னு கல்யாணப் பத்திரிகை மாதிரி வெறும் பேரா வரும். அனலிட்டிகலா? பியூரெட்ல கடைசிச் சொட்டு விழற வரைக்கும் பொறுமையா நிக்கணும். நீ பஸ்ஸு நிக்கிறதுக்குள்ள இறங்கற ஆளு."

அடுத்தது வேலைவாய்ப்பு. "சாயம் படிச்சா திருப்பூர். தோல் படிச்சா ஆம்பூர், ராணிப்பேட்டை. எலெக்ட்ரோகெமிஸ்ட்ரி படிச்சா காரைக்குடில செக்ரி ஆராய்ச்சி நிலையம்."

"நமக்குச் சொந்த ஊரே காரைக்குடிதாண்ணே!"

"அப்ப வேண்டாம். வீட்டுச் சோத்தைத் தின்னுக்கிட்டு எவன்டா ஆராய்ச்சி பண்ணுவான்?"

ஆர்வம், லட்சியம் என்று யாராவது வாயெடுத்தால் அண்ணன் நோபல் பரிசை எடுத்து மேசைமேல் வைப்பார். "சிதம்பரத்துல பொறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009-ல வேதியியல் நோபல் வாங்கினாரு. டாக்டர் பட்டம் வாங்கினது எதுல? பிசிக்ஸ்ல!" அப்படியானால் வேதியியல் எலெக்டிவ் எதற்கு என்று பையன் யோசிப்பதற்குள் அடுத்த அடி விழும். "1856-ல பெர்கினுக்கு வயசு 18. மலேரியாவுக்குக் குயினைன் செய்யப் போனான். குடுவையில ஊதாச் சாயம் வந்துச்சு. கோடீஸ்வரன் ஆயிட்டான். எதை எடுக்கறோம்கிறது முக்கியமில்ல தம்பி, என்ன வருதுங்கறதுதான் முக்கியம்."

தகவல்களில் பிழை சொல்ல முடியாது. அவற்றிலிருந்து எந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் கடைசிவரை பிடிபடாது. பையன் இன்னொரு டீ சொல்வான்.

வியாழக்கிழமைக்குள் வகுப்பே மூன்று கட்சியாகப் பிரிந்துவிடும். மூன்றுக்கும் கொள்கை விளக்கம் தந்தவர் அண்ணன். காலையில் ஒருவனிடம் 'ஸ்கோரிங் பேப்பர்' என்று சொன்னதை மாலையில் அவன் நண்பனிடம் 'படுகுழி' என்பார். இரண்டையும் ஒரே நம்பிக்கையோடு சொல்வார்.

வெள்ளிக்கிழமை மாலை எச்.ஓ.டி. கையெழுத்தோடு பட்டியல் வரும். வகுப்பு மொத்தத்துக்கும் பாலிமர் வேதியியல். பாடத்திட்டத்தில் மூன்று எலெக்டிவ் அச்சாகியிருக்கலாம். எடுப்பதற்குத் துறையில் ஆள் இருப்பது ஒன்றுக்குத்தான். போன வருடமும் இதேதான். அதற்கு முந்தின வருடமும் இதேதான்.

அண்ணன் அசரமாட்டார். "நான்தான் அப்பவே சொன்னேன்ல?"

மறுக்க வழியில்லை. அவர் சொல்லாமல் விட்ட பாடமே கிடையாது.

பிறகு ஜூனியரின் தோளில் கைபோட்டுத் தனியே தள்ளிக்கொண்டு போவார். "தம்பி, பாலிமர் நோட்ஸ் மட்டும் சுத்தமா எழுது. நவம்பர்ல எனக்கும் அந்தப் பேப்பர் இருக்கு."