டக் என்றொரு சத்தம்

மதுரையில் வளர்ந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். மீனாட்சியம்மன் கோவிலுக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய புது மண்டபத்துக்குள், சிலைகள் நிற்கும் கல்தூண்களுக்கு நடுவே தையல் மிஷின்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும். "பதினாறாம் நம்பர் ஊசி ரெண்டு, வெள்ளை நூல்கண்டு ஒண்ணு" என்று அம்மா சொல்லி அனுப்பியதை மறந்துவிடாதபடி முணுமுணுத்துக்கொண்டே அந்தக் கூட்டத்துக்குள் நுழைவேன். திரும்பும்போது தெரிந்த டெய்லர் ஒருவர் காலடியில் குவிந்திருக்கும் வெட்டுத்துணிகளைப் பை நிறைய அள்ளித் தருவார். அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. மண்டபம் மூச்சு விடட்டும், நல்லதுதான். ஆனாலும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என் காது மிஷின் சத்தத்தைத் தேடுகிறது.

அந்தப் பைதான் எங்கள் வீட்டில் போர்வையாகும். நைந்துபோன சுங்குடிச் சேலைகள் நாலை ஒன்றின்மேல் ஒன்றாக விரித்து, மேலே வெட்டுத்துணிகளைக் கட்டம் கட்டமாக ஒட்டுப்போட்டு, குறுக்கும் நெடுக்குமாக அம்மா கால் மிஷினில் ஓட்டுவார். நாலு மடிப்பு சேரும் முனையில் ஊசி படக்கென்று ஒடியும். ஒடிந்த முனை யார் காலிலும் குத்திவிடக் கூடாதென்று தரையைத் தடவித் தேடியெடுத்துத் தீப்பெட்டியில் போட்டு வைப்பார். அந்தப் பெட்டியைக் குலுக்கினால் கிலுகிலுக்கும். எங்கள் வீட்டுப் போர்வைகளின் கணக்கே அதற்குள் இருந்தது. மழைக்காலத்தில் தோல் பெல்ட் தளர்ந்து, பெடலை மிதித்தாலும் சக்கரம் நகராது. அப்பா ஒரு விரற்கடை வெட்டியெடுத்துக் கம்பிக் கொக்கியை மறுபடி மாட்டுவார். மாட்டும்போது, இயந்திரங்களை அவ்வளவு கண்டித்த காந்தி 1924இல் தையல் மிஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்துப் பேசியதைத் தவறாமல் சொல்வார். மனைவி கையால் தைத்துப் படும் பாட்டைப் பொறுக்காமல் சிங்கர் அன்பினால் செய்த இயந்திரம் அது என்பது காந்தியின் எண்ணம். அப்பா அதைச் சொல்லும்போது அம்மா முகத்தைப் பார்ப்பார்.

என் வேலை ஊசி கோப்பது. அம்மாவுக்குப் பார்வை மங்கத் தொடங்கியிருந்த காலம். நூலை மேலேயிருந்து கொக்கி கொக்கியாக இறக்கிக் கொண்டுவந்துவிட்டு, "கோத்துக் குடுடா ராசா" என்பார். நூல் முனையை எச்சிலில் நனைத்து, திரித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழைப்பேன். கை ஊசிக்கு வாலில் இருக்கும் காது இந்த ஊசிக்கு மட்டும் ஏன் நுனியில் இருக்கிறது என்று அப்போது புரியவில்லை. அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846இல் காப்புரிமை வாங்கிய மிஷின் அந்த நுனிக்காதை நம்பித்தான் ஓடியது என்று பின்னால் படித்தேன். நுனி துணிக்குள் இறங்கினாலே நூலும் இறங்கிவிடும், கீழே பாபின் நூல் அதைப் பிடித்துக்கொள்ளும்.

இந்த வருஷம் மகள் இரண்டாவது பிள்ளை உண்டாகியிருக்க, அம்மாவின் இரண்டு சுங்குடிச் சேலைகளைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். மகள் வாங்கிக் கொடுத்த கரண்ட் மிஷின் இருந்தது. பெல்ட் கிடையாது, மிதிக்க வேண்டாம். அம்மாவின் முழங்கால் வலிக்கு இது அன்றே வந்திருக்க வேண்டும் என்று மனசார நினைத்தேன். ஊசியைக்கூட அதுவே கோத்துக்கொள்கிறது, பக்கத்திலிருக்கும் ஒரு சின்னக் கம்பியை அழுத்தினால் போதும்.

மூன்று ஓரம் அழகாக முடிந்தது. நாலாவது ஓரத்தில், நூல்கண்டை மாற்றிய பிறகு, துணிக்கு அடியில் நூல் குருவிக்கூடு கட்ட ஆரம்பித்தது. கத்தரித்துப் பிரித்தேன், மறுபடி கட்டியது. கோளாறு கீழேதானே தெரிகிறது என்று பாபினைக் கழற்றி மாட்டினேன், துடைத்தேன், வேறு பாபின் போட்டேன். ஊசி இரண்டு ஒடிந்தன. அதற்குமேல் மிஷின் ஓர் எண்ணைக் காட்டிக் கீச்சிட்டு நின்றுவிட்டது.

பழுது பார்க்க வந்த பையன் பாபின் பக்கமே போகவில்லை. "கீழ கூடு கட்டுனா குறை மேலதான் சார். துணிய அமுக்குற பாதத்தத் தூக்கிட்டு நூல் போடணும். பாதம் இறங்கியிருந்தா டென்ஷன் தகடு மூடிக்கும், நூல் உள்ள உட்காராது" என்று சொல்லி, பின்னால் இருந்த நெம்பைத் தூக்கினான்.

டக்.

அந்தச் சத்தத்தை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். நூலை இறக்குவதற்கு முன் அம்மாவின் கை தானாகப் பின்னால் போய் அந்த நெம்பைத் தூக்கும். டக் என்று கேட்டால் என் முறை வரப்போகிறதென்று நான் எழுந்து ஓடுவேன். அது அம்மாவின் கைப்பழக்கம் என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். ஏன் தூக்குகிறாய் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

பையன் போன பிறகு மிஷின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு நெம்பைத் தூக்கி, நூலை இறக்கினேன். கோக்கும் கம்பியை அழுத்தவில்லை. ஏழு வயதுப் பேத்தியைக் கூப்பிட்டேன். நூலை வாயில் வைத்து நனைக்க யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளே செய்தாள்.

போர்வை போன வாரம் முடிந்தது. நாலாவது ஓரத்துக்கு ஊசி கோத்தது அவள்தான்.