டோக்கன் பெருமானுக்கு ஒரு வாழ்த்துமடல்

கணினியில் ஆட்டம் ஆடுவோர் பைகளில் அழையாமலே எழுந்தருளியிருக்கும் டோக்கன் பெருமானே, தங்களையும், பிறர் செய்த ஆட்டத்துக்கு ‘மோட்’ என்னும் மாற்றங்களை எழுதித் தங்களைப் படைத்தருளிய கலைஞர்களையும் பாட இந்த ஆம்பூர்வாசிக்கு ஆயிரம் நா வேண்டும்.

எங்கள் ஊரின் சிறுமையை முதலில் சொல்லிவிடுகிறேன். பாலாற்றங்கரையில் தோலைச் சுண்ணாம்பிலிட்டு, மயிர் களைந்து, குரோமில் பதனிட்டு, உலர்த்தி, வெட்டித் தைத்து ஒரு ஜோடி ஷூ செய்கிறோம். அளவும் எண்ணும் ஒட்டி, ஊரறியப் பெட்டியில் வைத்துத்தான் எங்களுக்குக் கப்பலேற்றத் தெரியும். போட்டுக்கொள்பவருக்கே தெரியாமல் காலில் மாட்டிவிடும் கலை இங்கே ஒருவருக்கும் கைவரவில்லை.

தாங்களோ கவசம் என்ற பெயரில் எழுதப்பட்ட அரூபி. எடை இல்லை, விலை இல்லை, உருவமும் இல்லை. 2006இல் வந்த ‘ஆப்ளிவியன்’ ஆட்டத்தை மாற்றியமைக்க உதவும் கன்ஸ்ட்ரக்‌ஷன் செட்டில் ‘பிளேயபிள்’ என்ற கட்டத்திலிருக்கும் டிக்கை எடுத்துவிட்டால் போதும். ஆட்டக்காரரின் இன்வென்டரிப் பட்டியலில் தங்கள் திருநாமம் தோன்றாது. திருவயிற்றில் மட்டும் ஸ்கிரிப்ட் என்னும் சிறு நிரல் ஒன்று. ஆட்டத்துக்குள் உலவும் காவலாளி, பிச்சைக்காரர், குதிரைக்காரர் என்று பேதம் பாராமல் எல்லார் பையிலும் புகுந்து, ‘பசிக்கிறதா, குளிர்கிறதா’ என்று ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒருதரம் விசாரித்தருளுகிறீர்களே, பெற்ற தாய்க்கும் வாய்க்காத பரிவல்லவா அது! சந்தையில் நாற்பது பேர் கூடினால் நாற்பது விசாரணை. திரை தத்தித் தத்தி நகர்கிறது. பறந்துகொண்டே வாழும் இக்கால இளைஞருக்கு நிதானம் பழக்க இதைவிட உயர்ந்த உபாயம் உண்டோ!

தங்கள் குலமும் சாமானியமானதன்று. ஃபால்அவுட் 3 ஆட்டத்தைச் செய்தவர்கள், அதற்கு 2009இல் வந்த ‘புரோக்கன் ஸ்டீல்’ தொடர்ச்சியில், ரயில் பெட்டியையே கவசமாக்கி ஆட்டக்காரரின் உடலில் மாட்டி ஓடவிட்டார்கள். அவர்களே 2011இன் ஸ்கைரிம் ஆட்டத்தில் கடைக்காரர்களின் சரக்குப் பெட்டிகளைத் தரைக்கடியில் ஒளித்தார்கள். அதிலுள்ள டான்ஸ்டார் ஊரில் சுரங்கத்தருகே துழாவிய பேர்வழிகளுக்கு அப்படி ஒரு பெட்டி அகப்பட்டும் விட்டது. ஆனால் அந்தப் பழையவர்கள் தம் சொந்த ஆட்டத்துக்குள், சம்பளத்துக்கு ஆள்வைத்துச் சோதித்தபிறகே அப்படிச் செய்தார்கள். அவ்வளவு கோழைத்தனம் தங்கள் படைப்பாளிகளிடம் கிடையாது. முன்பின் அறியாதவரின் ஆட்டத்தில், சோதிக்காமலே இறக்கிவிடும் நெஞ்சுரம் அவர்களுடையது.

அவர்களுடைய தன்னடக்கம்தான் என்னே! மோடோடு வரும் பதினாறு பக்க ரீட்மீ குறிப்பில் நன்றியுரை உண்டு, நன்கொடை வேண்டுகோள் உண்டு. தங்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியலாகாது என்பார்கள். இங்கே வாங்கிக்கொண்டவரே அறியமாட்டார்.

தங்களைப் பையில் புகுத்தாமலே, ஸ்கைரிமில் மேஜிக் எஃபெக்ட் ஒன்றோடு ஸ்கிரிப்டை இணைக்கலாம். எஃபெக்ட் முடிந்ததும் அதுவும் ஓய்ந்துவிடும். நேர்வழி, எளிய வழி, யாரும் திறந்து பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடிய வழி. இத்தனை குறைகள் உள்ள பாதையில் மகான்கள் எப்படித் திருவடி வைப்பார்கள்?

தங்கள் விசுவாசத்தைச் சொல்லாமல் விட்டால் இந்த மடல் நிறைவுறாது. ஸ்கைரிமில் ஓடும் ஸ்கிரிப்டின் நிலை, ஆட்டத்தைச் சேமித்துவைக்கும் சேவ் ஃபைலுக்குள்ளேயே எழுதப்படுகிறது. மோடை நீக்கிய பிறகும் அதன் மிச்சம் அங்கே குடியிருக்கும். பிழைப்பு நேரம் போக இரவுகளில் கண்விழித்து, மாதக்கணக்கில் ஒரு பிள்ளை வளர்த்த சேவ் ஃபைல் வீங்கி, இழுத்து, ஒருநாள் திறக்கவே மறுக்கிறது. குற்றவாளி யார் என்று தேடினால் பட்டியலில் ஒரு பெயரும் இல்லை. அந்தப் பிள்ளை மற்ற மோட்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, குற்றமற்றவர்களையெல்லாம் நாடுகடத்துகிறது. தாங்களோ மௌன விரதம். இப்படி அநாதையாய்க் கிடக்கும் ஸ்கிரிப்டுகளைக் களைவதற்கென்றே ‘ரீசேவர்’ என்ற கருவியை ஒருவர் எழுத நேர்ந்ததென்றால், தங்கள் கீர்த்திக்கு வேறு கல்வெட்டு எதற்கு?

ஆகவே, ஆடும் அன்பர்களே, இப்பெருமக்களின் மோட் எதையும் வரவேற்குமுன் சேவ் ஃபைலை வேறோர் இடத்தில் நகலெடுத்து வையுங்கள். பையில் என்னென்ன வைக்கிறார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள். பதில் வராவிட்டால், அந்த அருட்கொடையை அவர்களுக்கே விட்டுவிடுங்கள்.