மிதிபலகை மகாத்மியம்

எழுதப்பட வேண்டிய விஷயங்கள் யாவும் முன்னோர்களால் எழுதித் தீர்க்கப்பட்டுவிட்டன என்று பெருமூச்சு விடுகிற பண்டிதர்கள், புளியங்குடிக் கடைவீதியில் ஏதேனும் ஒரு தையற்கடையின் வாசற்படியில் அரைமணி நேரம் அமர்ந்து, மற்றவர்களைப் போல மேலே தொங்கும் ரவிக்கைகளைப் பாராமல் மிஷினின் அடிப்பாகத்தைப் பார்ப்பார்களாயின், ஒரு பாயிரமோ ஒரு சூத்திரமோ பெறாத மகத்தான பொருள் ஒன்று தங்கள் கண்முன்னே ஓயாமல் ஆடிக்கொண்டிருப்பதைக் காண்பார்கள். தையல் மிஷினின் மிதிபலகையே அது. தையற்காரரின் கையைப் பற்றி இவ்வூரில் அபிப்பிராயம் இல்லாதவர் இல்லை. அவர் கைபட்டால்தான் கழுத்து அமையும் என்பாரும், அவர் கையில் கொடுத்த துணி நாள் தவறாமல் திரும்பியதே இல்லை என்பாரும் ஆகிய இரு கட்சியினரும் கல்யாண வீடுகளில் சந்தித்து வாதிடுவது உண்டு. அவருடைய காலைப் பற்றியோ எனில், நல்லதாகவோ பொல்லாததாகவோ ஒரு வார்த்தை எவரும் சொல்லிக் கேட்டதில்லை. இந்த அநீதியைச் சாஸ்திர ரீதியாக நிவர்த்திக்க முயல்வதே இவ்வாராய்ச்சியின் பிரயோஜனம்.

முதற்கண் பொருளின் இலக்கணம். வார்ப்பிரும்பினாலான இரண்டு பக்கத் தாங்கல்களுக்கு இடையே, தரையை ஒட்டினாற்போல, நடுவில் அச்சுக்கொண்டு முன்னும் பின்னுமாகச் சாயும்படி அமைந்தது மிதிபலகை. அதன் ஓரத்திலிருந்து எழும் கம்பியானது பெரிய சக்கரத்தின் வளைந்த அச்சைப் பற்றிக்கொள்ள, அச்சக்கரத்தின் பள்ளத்தில் ஓடும் தோல் பெல்ட் மேசையிலுள்ள துவாரங்களின் வழியே ஏறி, மிஷினின் வலப்புறத்துச் சிறிய சக்கரத்தைச் சுற்றி இறங்க, அச்சிறிய சக்கரம் ஒருமுறை சுழலுந்தோறும் ஊசி ஒருமுறை இறங்கி ஏறி ஒரு தையலை இட்டுவிடுகிறது. கால் செய்வது வெறும் ஆட்டம். அதன் பலனோ சுழற்சி. இந்த ஆட்டம் சுழற்சியாக மாறும் மார்க்கத்தில் இரண்டு ஆபத்தான ஸ்தானங்கள் உண்டு. கம்பி முற்றிலும் மேலேறி நிற்பது ஒன்று, முற்றிலும் கீழிறங்கி நிற்பது மற்றொன்று. அவ்விரண்டிலும் பீமசேனனே வந்து மிதித்தாலும் சக்கரம் அசையாது. ஓடுகிற மிஷின் அவ்விடங்களைக் கடப்பது, சக்கரம் ஏற்கனவே சம்பாதித்து வைத்த வேகத்தினால்தான். அச்சக்கரம் அத்தனை கனமாக வார்க்கப்பட்டிருப்பதும் அதற்காகவே. பூர்வ புண்ணியம் என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான திருஷ்டாந்தத்தை எந்த மடத்திலும் காட்டமாட்டார்கள்.

இனிக் கணிதம். பெரிய சக்கரத்தின் விட்டம் ஏறத்தாழ ஓர் அடி. மேலே பெல்ட் ஓடும் பள்ளத்தின் விட்டம் அதில் நாலில் ஒரு பங்கு என்று கொள்ளலாம். ஆகவே ஒரு மிதிக்கு நான்கு தையல். சட்டை ஒன்றுக்குக் கழுத்துப்பட்டி, கைப்பட்டி, பை, பக்கவாட்டு, ஓரமடிப்பு எல்லாம் சேர்த்துப் பத்து மீட்டர் தையல் என்றும், அங்குலத்துக்குப் பத்துத் தையல் என்றும் வைத்துக்கொண்டால், மொத்தம் ஏறத்தாழ நாலாயிரம் தையல். அதாவது ஆயிரம் மிதி. ஆடித்தபசுக்குப் புளியங்குடியிலிருந்து சங்கரன்கோவிலுக்கு நடந்தே போகிற பக்தர் ஏறத்தாழ இருபதாயிரம் அடி எடுத்து வைக்க வேண்டியிருக்கும். அக்கணக்கின்படி, இருபது சட்டை தைத்து முடித்த தையற்காரர் முக்காலியை விட்டு எழுந்திராமலேயே கோயில் வாசலை அடைந்துவிடுகிறார். பக்தருக்கு வழியெல்லாம் நீர்மோர் கிடைக்கிறது. தையற்காரருக்கு, ‘இன்னுமா முடியல?’ என்ற கேள்வி கிடைக்கிறது.

மிதித்தல் என்பது யாருக்கும் வருவதுதானே என்று ஓர் ஆட்சேபம் எழக்கூடும். எழுப்புகிறவர்கள் ஒருநாள் உட்கார்ந்து பார்க்கட்டும். மேலேயுள்ள சக்கரம் தைப்பவரை நோக்கிச் சுழலவேண்டும் என்பது விதி. ஆனால் புதிதாக மிதிக்கிறவரின் கால், சக்கரத்தை எப்பக்கம் தோன்றுகிறதோ அப்பக்கம் விரட்டும் சுபாவமுடையது. நாலு மிதி முன்னே போய், ஐந்தாவது மிதியில் சக்கரம் பின்வாங்க, நூல் அறுந்து, அடியில் பாபின் நூல் குருவிக்கூடாகத் திரண்டு, துணி பல் இடுக்கில் சிக்கிக்கொள்ளும்போதுதான், தம் சரீரத்தில் தமக்குக் கட்டுப்படாத பிரதேசம் ஒன்று இத்தனை காலமாக இருந்துவந்ததை மனிதர் உணர்கிறார். இதனாலேயே தையல் வகுப்புகளில் முதலில் துணியைத் தருவதில்லை. ஊசியில் நூலும் கோப்பதில்லை. கோடு போட்ட காகிதத்தைக் கொடுத்து, கோட்டின்மேலே ஊசித் துளைகள் விழும்வரை மிதிக்கச் சொல்கிறார்கள். நுனிக்காலுக்கும் குதிகாலுக்கும் இடையே ஒரு சமாதானம் ஏற்பட்ட பிறகே கைக்குப் பாடம் ஆரம்பமாகிறது. அட்சராப்பியாசம் காலுக்கு, அப்புறந்தான் கைக்கு என்ற இந்தக் கிரமத்தை வாசகர்கள் மனத்தில் இருத்தவேண்டும். 

சரித்திரத்துக்கு வருவோம். மிதிபலகையின் புகழை ஐசக் மெரிட் சிங்கர் என்னும் அமெரிக்கருக்கே முழுவதும் எழுதி வைத்துவிடுவது வழக்கம். அவர் 1851-ல் காப்புரிமை பெற்ற மிஷின் காலால் ஓடியது உண்மைதான். ஆயினும் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே பிரான்சு தேசத்துத் தையற்காரர் பார்த்தலெமி திமோனியே என்பவர் மரத்தால் செய்த மிஷினைக் காலால் மிதித்து ஓட்டி, பட்டாளத்துக்கு உடுப்புத் தைத்தார். பாரிசுத் தையற்காரர்கள் தங்கள் பிழைப்பில் மண் விழுந்தது என்று 1831-ல் கூட்டமாக வந்து அவருடைய மிஷின்களை நொறுக்கிப் போட்டார்கள். சிங்கரின் சாமர்த்தியம் வேறிடத்தில் இருக்கிறது. அவருக்கு முன் 1846-ல் காப்புரிமை பெற்ற எலியாஸ் ஹோவின் மிஷினில் வளைந்த ஊசி பக்கவாட்டில் குத்த, துணி செங்குத்தாகத் தொங்கியது. சக்கரத்தைச் சுற்றுவது ஒரு கையின் வேலை. சிங்கர் ஊசியை நேராக்கி, துணியை மேசைமேல் கிடத்தி, சுற்றும் வேலையைக் காலிடம் ஒப்படைத்து, இரண்டு கைகளையும் துணிக்கே விட்டுவிட்டார். கைக்குக் கிடைத்த இந்த விடுதலையை வாங்கிக் கொடுத்தது எந்த அவயவம் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

நம் தேசத்தில் இவ்விஷயத்துக்கு ஒரு மகாத்மாவின் சாட்சியமே இருக்கிறது. 1924-ல் ஜி. ராமச்சந்திரன் என்னும் இளைஞர், பிற்காலத்தில் டாக்டர் சௌந்தரம் அம்மையாருடன் சேர்ந்து காந்திகிராமத்தை நிறுவியவர், யந்திரங்கள் எல்லாவற்றுக்குமே தாங்கள் விரோதியா என்று காந்தியடிகளைக் கேட்டபோது, விலக்காக அவர் எடுத்துக்காட்டியது சிங்கர் தையல் மிஷினைத்தான். மனைவி கையால் தைத்துத் தைத்து வருந்துவதைக் காணப் பொறாமல் அன்பினால் செய்யப்பட்ட யந்திரம் அது என்று அடிகள் மனம் நெகிழ்ந்து கூறினார். சிங்கருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இல்லறங்களும் இருபதுக்கு மேற்பட்ட மக்களும் இருந்தமையால், எந்த மனைவி என்ற வினா ஆராய்ச்சியாளனுக்கு எழத்தான் செய்கிறது. சபை மரியாதை கருதி அதை இங்கே எழுப்பாமல் விடுகிறேன். சுதேசிக் கட்சிக்கும் குறை ஏற்படவில்லை. கல்கத்தாவில் ஜெய் எஞ்சினீயரிங் கம்பெனி உஷா மிஷினைச் செய்யத் தொடங்கிய பிறகு, சிங்கரை மிதித்த கால்கள் உஷாவையும் பேதமில்லாமல் மிதித்தன.

ஆயினும் இவ்வட்டாரத்துக் காலுக்கு மிதியைக் கற்பிக்க அமெரிக்காவிலிருந்து ஒருவர் வந்திருக்கவேண்டியதில்லை என்பது என் துணிபு. சங்கரன்கோவில் வட்டாரம் நெசவுக்குப் பெயர்போனது. குழித்தறியில் உட்கார்ந்த நெசவாளர் குழிக்குள்ளே காலை விட்டு மிதிகளை மாற்றி மாற்றி அழுத்த, பாவு மேலும் கீழுமாகப் பிரிந்து நாடாவுக்கு வழிவிட்ட காலம், சிங்கரின் பாட்டனார் காலத்துக்கும் முற்பட்டது. துணி நெய்யப்படுவது காலால். பிறகு சட்டையாவதும் காலால். கட்டுகிறவனும் போடுகிறவனும் மட்டும் கைவேலைப்பாட்டைப் புகழ்ந்துகொண்டிருக்கிறார்கள். இப்போது தறிகளில் பெரும்பாலும் மின்சாரம் புகுந்துவிட்டபடியால், வஸ்திர சம்பந்தமான பாத சேவையில் மிச்சமிருப்பது தையற்காரர் ஒருவரே.

கைக்கட்சியார் இதற்கு விடும் பாணம் ஒன்றுண்டு. காஜா எடுப்பதும் பித்தான் கட்டுவதும் கையல்லவா, வெட்டுவது கையல்லவா என்பார்கள். காலை எழுந்து சக்கரத்தை முதலில் தள்ளிவிடுவதும் கையேயன்றோ என்றும் கேட்பார்கள். இந்தக் கடைசி வாதம் கொஞ்சம் வலுவானது. மிஷின் முன்சொன்ன ஆபத்தான ஸ்தானங்களில் ஒன்றில் நின்றிருந்தால், கையால் சக்கரத்தைத் தன்பக்கம் ஒருதரம் சுண்டிவிட்டே மிதிக்கத் தொடங்க முடியும். இப்படிப்பட்ட வழக்குக்குத் தீர்ப்பைத் தேடி நாம் நெடுந்தூரம் அலையவேண்டாம். சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என்று சங்கனும் பதுமனும் என்னும் இரண்டு நாகராஜாக்கள் சண்டையிட, கோமதியம்மை ஒற்றைக் காலில் நின்று தவமிருக்க, இறைவன் பாதி சங்கரனாகவும் பாதி நாராயணனாகவும் காட்சி கொடுத்தார் என்பது சங்கரன்கோவில் ஸ்தல புராணம். கையும் காலும் அப்படியே சரிபாதி என்று சமரசம் பேசி நான் எழுந்துவிடலாம். ஆனால் அங்கேயும் வழக்கு முடிந்தது யாருடைய காலினால் என்பதைக் கைக்கட்சியார் கவனிக்கவேண்டும்.

அடுத்தது தர்ம சாஸ்திரம் சம்பந்தப்பட்ட பெரிய சிக்கல். புத்தகத்திலோ அரிசி அளக்கும் படியிலோ தெரியாமல் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது நம் வழக்கம். தையற்காரர் காலையில் கடை திறந்ததும் மிஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். ஒற்றிக்கொண்ட கையோடு உட்கார்ந்து, பொழுது சாயும்வரை அதையே மிதிக்கிறார். செருப்பை மட்டும் வெளியே விட்டுவிடுகிறார். சோறு போடும் லட்சுமியின்மேல் கால் பட்டதற்கே பிராயச்சித்தம் செய்கிற ஜாதி, மிதித்ததற்கு ஒன்றும் செய்யாமலிருப்பது எப்படி? தலை வேறு தாள் வேறு, பூஜை தலைக்கு, மிதி தாளுக்கு என்று ஒரு சாரார் சமாதானம் சொல்வர். ஆயுத பூஜையன்று பார்த்தால் இதற்கு ஆதாரமும் கிடைக்கிறது: சந்தனமும் குங்குமமும் மிஷினின் கழுத்துக்கும் மேல்சக்கரத்துக்கும் கத்தரிக்கோலுக்கும் ஏறுகின்றனவேயன்றி மிதிபலகைக்கு இறங்குவதை நான் பார்த்ததில்லை. எலுமிச்சம்பழத்துக்குப் புவிசார் குறியீடே வாங்கிய ஊர் இது. 2025-ல் அந்தக் கௌரவம் கிடைத்தது. சந்தைக்கு மூட்டை மூட்டையாகப் பழம் வந்து இறங்கும் ஊரில், மிதிபலகைக்கென்று ஒரே ஒரு பழத்தை அறுத்து வைக்க எவருக்கும் மனம் வரவில்லை.

மிதிபலகையை மனப்பூர்வமாக மதிக்கிறவர்கள் குழந்தைகள் மட்டுமே. பெரியவர்கள் சாப்பிடப் போன சமயம் பார்த்து மேசைக்கடியில் புகுந்து, மிதியில் உட்கார்ந்து, பெரிய சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கடையநல்லூர், தென்காசி என்று கூவியபடி பஸ் விடாத பிள்ளை இந்தப் பக்கத்தில் பிறந்ததாகத் தெரியவில்லை. பெல்ட் கழன்று விழுந்து முதுகில் அடி விழும்போது பிரயாணம் முடிவடையும்.

காலத்தின் போக்கில் மோட்டார் வந்துவிட்டது. மேசைக்குப் பின்னே கைமுட்டியளவு மோட்டார் ஒன்றைப் பொருத்தி, கீழே ஒரு சிறு கட்டையை வைத்து, அதைக் கட்டைவிரலால் அழுத்தினால் போதும் என்று ஆகியிருக்கிறது. கெண்டைக்காலுக்கு வேலை மிச்சம் என்பதை மறுக்கமாட்டேன். முழங்கால் வலியோடு முப்பது வருஷம் மிதித்தவரிடம் போய் மிதிபலகையின் மகிமையைப் பேசுவது பாவம். ஆயினும் கலை வேறு. ‘மோட்டார் ஓடும் அண்ணாச்சி, நிக்கச் சொன்ன எடத்துல நிக்காது’ என்று ஒரு தையற்காரர் சொன்னதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. கழுத்து வளைவில், துணி நுனிக்கு இரண்டு தையல் முன்னால், ஊசி துணிக்குள்ளே இருக்கும்படி நிறுத்தித் திருப்புகிற அந்த நுட்பம் குதிகாலின் சொத்து. அது மின்சாரத்துக்குக் கைவருவது கடினம். அன்றியும், 2012-ஐ ஒட்டித் தமிழ்நாட்டில் மின்வெட்டு நாளெல்லாம் நீடித்த காலத்தில், மோட்டார்க் கடைகள் விசிறி மட்டையோடு வாசலில் உட்கார்ந்திருக்க, பெல்ட்டைக் கழற்றாமல் வைத்திருந்தவர்களே வாக்குத் தவறாமல் துணி கொடுத்தார்கள். ஆதரவற்ற பெண்களுக்குத் தையல் மிஷின் கொடுக்க அரசாங்கம் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரால் ஒரு திட்டம் நடத்துகிறது. அந்த மிஷின் போய்ச் சேர்கிற வீட்டில் கரண்டுக்குக் கட்டப் பணம் இருக்கிறதோ இல்லையோ, கால் இருக்கிறது.

ஆகவே, தையல் என்பது காலின் தொழில், கை அதற்கு உதவியாள் என்பதே என் சித்தாந்தம். இதை ஏற்காதவர்களும் ஒரு விண்ணப்பத்தையாவது ஏற்கவேண்டும். சட்டைக்கு ஏறத்தாழ ஆயிரம் மிதி என்று கணக்கிட்டோம். தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது வீட்டுக்கு நான்கு உருப்படி வீதம் தெருவே கொண்டுபோய்க் கொட்டினால், எந்தக் காலும் அதை மிதித்து முடிக்காது. துணியைப் புரட்டாசியிலேயே கொடுத்துவிடுங்கள். அளவு சட்டையை மறக்காமல் கூட வையுங்கள்.