கைய விட்டா போதும்

காயப்போட்ட நண்டு வலையில உடும்பு தானா வந்து மாட்டுச்சாக்கும்? சரி, நம்புதேன். அதுக்கு இப்ப கூண்டு கெட்டி வளக்கப் போறியாக்கும்? பேஷ். உடும்புப் பிடின்னா என்னன்னு எனக்குத் தெரியும்லே பேரப்புள்ள. ஒங்க பாட்டியக் கெட்டி அம்பது வருசமாச்சு.

யார்ட்ட யோசன கேட்ட? டீக்கடையில பால்சோறு வைக்கச் சொன்னானா? ஒன் சேக்காளி போன்ல ஒரு வெள்ளக்காரன் தோள்ல போட்டுக்கிட்டு நடக்கதக் காட்டுனானா? நம்மூர்ல உடும்பப் பத்திப் பேசுத பெரிய மனுசன் பூராவும் மொளகு எவ்வளவு போடணும்னுதான் சொல்லுவான். இல்லன்னா கஞ்சிராவுக்குத் தோல் இழுத்துக் கெட்டுன கதை சொல்லுவான். வளத்த கதை ஒருத்தன்ட்டயும் கெடையாது.

நான் ஒரு வழி சொல்லுதேன். எவன் யோசன சொன்னாலும், "ஒன் உடும்புக்கு வயசு என்ன?"ன்னு ஒத்தக் கேள்வி கேளு. நல்லா வச்சிருந்தா 20 வருசம் இருக்கக்கூடிய சீவன். மூணு மாசம் வச்சிருந்தவன்தான் முப்பது யோசன சொல்லுவான்.

வெவரம் தெரிஞ்ச எடம் ஒண்ணு இருக்கு. மெட்ராசு தாண்டி வடநெம்மேலியில முதலைப் பண்ணை. 1976-ல ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்குனது. கொமோடோ உடும்பையே வச்சுப் பாத்த ஆளுக அவுங்க. கேக்கதுன்னா அவுங்கட்டக் கேளு. நீ வளக்கப் போறது பெருசானா அஞ்சடிக்கு மேல போவும். ஓட எடம் வேணும், தோண்ட ஆழமா மண்ணு வேணும். காலையில படுத்துக் காய ஒரு கல்லு வேணும். அந்தக் கல்லு 50 டிகிரிக்கு மேல கொதிக்கணும். நம்ம தேரியில இதெல்லாம் ஓசி. ஒன் வீட்டுல ஒங்கம்மா அடுப்பத்தான் விட்டுக்குடுக்கணும். தீனிக்கு வண்டு, நண்டு, முட்டைன்னு மாத்தி மாத்திப் போடணும். எலியாப் போட்டுக் கொழுக்க வச்சா, கொழுத்தே சாவும்.

இம்புட்டையும் படிச்சுட்டேன்னு வையி, அப்பவும் வளக்க முடியாது. 1972-ம் வருசத்து வன உயிரினச் சட்டத்துல உடும்பு முதல் பட்டியல்ல கெடக்கு, புலியோட சரிக்குச் சரியா. மூணு வருசத்துலேர்ந்து ஏழு வருசம் உள்ள; அபராதம் கொறஞ்சது 25,000 ரூவா. நீ அதுக்குக் கூண்டு அளந்துக்கிட்டிருக்க, சர்க்காரு ஒனக்கு அளந்து வச்சிருக்கு. அங்க தீனி வேளாவேளைக்கு வரும், அதுல கொற சொல்ல முடியாது.

எந்திரி. கத்திய எடு. பின்னங்கால் நகத்துல நைலான் நூலு எப்படிச் சுத்திக் கெடக்கு பாரு, சதையில பதிஞ்சு போச்சு. தலையில சாக்கப் போடு, இருட்டுனா அடங்கும். வால் பக்கம் நிக்காத, சாட்ட மாதிரி வீசும். ரெண்டாப் பொளந்த நாக்க நீட்டுதே, அது கொஞ்சலு இல்லலே. நீ யாருன்னு மோந்து பாக்கு.

இரு, இரு. நூலு புதுசால்ல இருக்கு. வலை யாருது? ஒங்கப்பனுதா?

அப்ப நீயே அறு. நான் சாக்கப் பிடிச்சுக்கிடுதேன்.