மூணாறின் ஒரே சமதளம்

மூணாறில் சரிவு இலவசம், சமதளத்துக்குத்தான் தட்டுப்பாடு. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், முத்திரைப்புழை, நல்லதண்ணி, குண்டளை ஆகிய மூன்று ஆறுகள் கூடுமிடத்தில் ஊர் இருக்கிறது. மலையெல்லாம் தேயிலைக்குப் போய்விட்டது. ஆற்றோரம் மிஞ்சிய தட்டை நிலத்தில் வெள்ளைக்காரர்கள் முதலில் ரயில் விட்டுப் பார்த்தார்கள். 1924 ஜூலையில் வந்த வெள்ளம் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்பாதையை அடித்துக்கொண்டு போனது. மீண்டும் போட யாருக்கும் தெம்பில்லை. ஸ்டேஷன் கட்டடம் தேயிலைக் கம்பெனி ஆபீஸாக மாறியது. ரயில் போனாலும் பந்து வந்தது.

பந்து வந்ததற்குக் கம்பெனியின் பூர்வீகமும் ஒரு காரணம். மூணாறைச் சுற்றியுள்ள கண்ணன் தேவன் மலைகளை ஆண்ட ஜேம்ஸ் ஃபின்லே, கிளாஸ்கோ நகரத்துக் கம்பெனி. ஸ்காட்லாந்துத் துரைமார் தங்களுக்கு ஹைரேஞ்ச் கிளப்பை அமைத்து, கோல்ஃப் மட்டையும் தொப்பியுமாக அங்கே ஒதுங்கினார்கள். திருநெல்வேலி, மதுரைப் பக்கங்களிலிருந்து மலையேறி வந்து லயங்களில் குடியிருந்த தொழிலாளர்களுக்குக் கால்பந்து கிடைத்தது. ஒரு பந்துக்கு இருபத்திரண்டு பேர் என்பது எந்தக் கணக்குப்பிள்ளைக்கும் பிடித்த சிக்கனம்.

எஸ்டேட்டுக்கு எஸ்டேட் மோதும் ஃபின்லே ஷீல்டு போட்டி 1940களில் தொடங்கியது. பழைய மூணாறில் உள்ள கம்பெனி மைதானம்தான் அதன் களம். குண்டுமலை, லெட்சுமி, செவன்மலை, மாட்டுப்பட்டி, வாகுவரை என்று வரைபடத்தில் தேயிலைத் தோட்டங்களாக இருப்பவை எல்லாம் போட்டி நாளில் தனித்தனி நாடுகள். பக்கத்து எஸ்டேட்டில் பெண் கொடுத்தவர்கூட அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்துத் தலையாட்டுவதோடு நிறுத்திக்கொள்வார். ஆஃப்சைடு விதி தெரியாத பாட்டிக்கும் நடுவர் விலைபோய்விட்டார் என்பது மட்டும் தெளிவாகத் தெரியும்.

இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏழில் ஒரு பங்கு போலக் குறைவு. அதனால் உதைத்த பந்து கூடுதல் தூரம் பறக்கும், ஓடியவருக்கு மூச்சு சீக்கிரம் வாங்கும். கீழ்நாட்டிலிருந்து வரும் அணிகள் தோற்றால் காரணம் தயாராக இருக்கும். உள்ளூர் அணிக்கு அந்த வசதி இல்லை. அது மழையையும் மூடுபனியையும்தான் நம்பவேண்டும். மூடுபனி இறங்கிவிட்டால் கோல்கீப்பர் பந்தைக் கண்ணால் பார்ப்பதைவிட, எதிர்ப்பக்கக் கூச்சலைக் காதால் கேட்டே தாவுவது புத்திசாலித்தனம்.

மைதானத்தைச் சுற்றி முதலாளிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். 1964இல் டாடாவும் ஃபின்லேயும் கைகோத்தன. 1983இல் ஃபின்லே விலகியபின் அந்தக் கூட்டுக் கம்பெனி டாடா டீ ஆனது. 2005இல் தொழிலாளர்களும் பங்கு வைத்திருக்கும் கே.டி.எச்.பி. (கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ்) கம்பெனி தோட்டங்களை ஏற்றது. அன்றிலிருந்து பெனால்டியை வெளியே அடிப்பவரும் ஒரு பங்குதாரர்தான். திட்டுகிறவர் கொஞ்சம் யோசிக்கவேண்டியிருக்கிறது. பெயர்ப்பலகைகள் இத்தனை மாறியும் ஷீல்டில் ஃபின்லே பெயர் போகவில்லை. பிற்பாடு டாடா டீயையும் பக்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். மாற்றச் சொல்லி எந்த யூனியனும் கொடி பிடித்ததாகத் தெரியவில்லை.

ஆறு மட்டும் தன் பழைய உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. 2018 ஆகஸ்டில் முத்திரைப்புழை கரைபுரண்டு பழைய மூணாறு மூழ்கியது. தண்ணீர் வடிந்து சேறு காய்ந்ததும் மறுபடியும் கோல் கம்பம் நட இடம் பார்த்தார்கள். இடம் வேறெங்கே இருக்கிறது?