சாத்தனூர்ல ஒரு துண்டு அறுத்துத் தரவா?

வா பேராண்டி, உக்காரு. டேபிள் டென்னிஸ் ஆட கார்பன் பேட்டு வாங்கித் தந்தாத்தான் சோறு திம்பேன்னு உங்க அம்மாகிட்ட மல்லுக்கு நிக்கிறியாமே? மர பேட்டு மந்தமா இருக்காம், கெட்டியா வேணுமாம். அதுக்கு ஏன்டா போனைத் தடவிக்கிட்டு? நம்ம சாத்தனூர்ல 18 மீட்டருக்கு ஒரு மரம் கெடக்கு. 12 கோடி வருசத்துல கல்லாவே போயிருச்சு. ஒரு துண்டு அறுத்துத் தரச் சொல்லவா?

நீ கார்பன்னு சொல்றியே, அதுலயும் நூத்துக்கு 85 பங்கு மரம் இருந்தே ஆகணும். சர்வதேச விதி அது. நடுவுல வெக்கிற இழை 0.35 மில்லிமீட்டரைத் தாண்டப்படாது. அந்த இழைக்குத்தான் அம்புட்டுக் காசு.

அரும்பாவூர்ல உளி புடிக்கிறவங்களைக் கேட்டா வாகை எப்படி, வேம்பு எப்படின்னு கைபட்டதுமே சொல்லிருவாங்க. பேட்டும் அப்படித்தான். மேல்பட்டை லிம்பா மரம்னா பந்தை ஒரு கணம் புடிச்சு வெச்சு விடும். சுழல் ஏத்த வசதி. கோட்டோ மரம்னா வெடுக்குனு தள்ளும். மரம் 5 அடுக்கா இருந்தா வளைஞ்சு குடுக்கும். 7 அடுக்கு வெரைப்பு, வேகமும் சாஸ்தி. ஸ்டிகா கிளிப்பர்னு ஒரு பேட்டு, 7 அடுக்கு, முழுக்க மரம். சீனாக்காரன் லியு குவோலியாங் புடிச்சது அதைத்தான். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ல தங்கம் வாங்கின ஆளு. அவனுக்கு மந்தமா இல்லையாம், உனக்கு மந்தமாம்!

மரம் மெல்லத் தொட்டா மெல்லப் போகும், ஓங்கி அடிச்சா ஓங்கிப் போகும். சர்வீசை வலைக்குப் பக்கத்துலயே குட்டையா வெக்கலாம். நடுவை விட்டு ஓரத்துல பட்டுச்சோ, கைப்பிடி வரைக்கும் அதிர்ந்து, 'எங்கடா பாக்குற'ன்னு கேக்கும். கார்பன் மரியாதை தெரிஞ்சது. உன் தப்பைப் பாதி மூடி மறைச்சு பந்தை அந்தப் பக்கம் அனுப்பிரும். அதான வேணும் உனக்கு, கள்ளப்பயலே?

இருந்தாலும் நியாயத்தைச் சொல்லணும். 2000ல பந்து 38லேர்ந்து 40 மில்லிமீட்டரா பெருத்துச்சு, 2014ல பிளாஸ்டிக்கும் ஆச்சு. சுழல் கொறஞ்சு போச்சு. மேசையை விட்டு நாலடி தள்ளி நின்னு வெளுக்கிறவனுக்கு கார்பன் ஒத்தாசைதான். நீ தொப்பை மேசைல முட்டல்ல நிக்குற!

பேசாம 5 அடுக்கு வாங்கு. ரப்பர் ஒட்டுறதுக்கு முந்தி மெல்லிசா ஒரு பூச்சு வார்னிஷ் போடு, இல்லாட்டி ரப்பரைப் பிய்க்கிறப்போ சிராயும் கூடவே வந்துரும். அந்த பேட்டுக்குக் காசு நான் தரேன். கார்பன்தான் வேணும்னா சிங்கப்பூருக்குப் போனைப் போட்டு உங்கப்பனைக் கேளு. கேக்கிறப்போ, அரியலூர்ல உன்னை மொத ரவுண்டுலயே மூட்டை கட்ட வெச்ச பொடியன் எந்த பேட்டு வெச்சிருந்தான்னும் சேத்துச் சொல்லிரு.